ரெண்டுல ஒண்ணு வாங்காத சைக்கிள்

நெய்வேலியில் பூமிக்கடியில் இருக்கிற கரி தீர்ந்தாலும் தீரும், எங்கள் எதிர்க் குவார்ட்டர்ஸ்காரர் ஒரு முடிவுக்கு வரமாட்டார். சட்டை எடுக்கப் போனாலும் சரி, சட்னி அரைக்கச் சொன்னாலும் சரி, "யக்கா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்று வாசலில் வந்து நிற்பார். அதுவே பேராகிவிட்டது. தபால்காரர்கூட அவர் பேரைச் சொல்லி விசாரிக்க மாட்டார், "ரெண்டுல ஒண்ணு வூடு எதுங்க?" என்பார்.

மனிதர் குழம்பாத இடம் ஒன்றே ஒன்றுதான். சுரங்கத்தில் நாலு மாடி உயரத்துக்கு மண் வெட்டுகிற மெஷின் இருக்கிறதே, அதன் மேலே உட்கார்ந்து ஓட்டுவார். அங்கே யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். எதிரே மண், வெட்ட வேண்டியது, அவ்வளவுதான். இருபது வருஷமாக அந்த நாற்காலியில் மட்டும் ராஜா.

அதற்கும் ஒரு தை மாசத்தில் ஆபத்து வந்தது. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை எகிறிக் கிடந்தது. "மூணு மாசம் டைம் தரேன். மொபெட்டை விட்டுட்டு சைக்கிள்ல டூட்டிக்குப் போங்க. குறையலன்னா மெஷின் கிடையாது, ஸ்டோர்ல உக்காந்து கையுறை எண்ண வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே அவர் பெண்டாட்டி செல்வி, மொபெட்டைக் குறிஞ்சிப்பாடித் தம்பிக்குத் தள்ளிவிட்டாள். அந்த வீட்டில் முடிவெடுப்பது அவள்தான். சைக்கிளையும் அவளிடம் விட்டிருக்கலாம்.

இவரே கடலூர் போனார். கடைக்காரன் இரண்டைக் காட்டியிருக்கிறான். ஒன்று ஹைப்ரிட், நேர் ஹேண்டில், நடுத்தர டயர். இன்னொன்று ரோடு பைக், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், சேமியா மாதிரி டயர். வெறுங்கையோடு திரும்பி, நேரே என் வாசலுக்கு வந்தார்.

"யக்கா, டூட்டிக்குப் போவ ஹைப்ரிட்டா, ரோடு பைக்கா?"

எனக்குத் தெரிந்த ஹைப்ரிட் தக்காளி விதை ஒன்றுதான். அதற்காக வந்தவரைச் சும்மா அனுப்ப முடியுமா?

"ரோடு பைக்குல குனிஞ்சிகினு போவணுமாமே தம்பி. எதிர்ல மாடு வந்தா மொகம் தெரியுமா, காலு தெரியுமா?"

முகம் வாடிவிட்டது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு, ரோடு பைக் வைத்திருந்த இளவட்ட இன்ஜினியரைத் தேடிப் பதினேழாவது பிளாக்குக்கு நடந்தார். இரவல் வாங்கி ஓட்டியும் பார்த்தார். குனிந்தவருக்கு நிமிரத் தெரியவில்லை. சந்தை வரைக்கும் அப்படியே போனவரை, ஒரு கீரைக்காரம்மா தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாளாம். "சாமி கும்புட வந்தாருன்னு நெனச்சேன்" என்றாளாம்.

சரி, ஹைப்ரிட் என்று முடிவு கட்டினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"நல்லதுதான். ஆனா ரோடு பைக்குக்காரன் ஒங்கள முந்திகினு போனா மனசு தாங்குமா?"

அந்தக் கேள்வியோடு நாலாவது பிளாக் வாத்தியாரைப் பார்க்க நடந்தார். டிபன் கேரியரை எதில் மாட்டுவது என்றேன். அடுக்கு கேரியரைத் தூக்கிக்கொண்டு, சைக்கிள் இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கி மாட்டிப் பார்த்தார். சாம்பார் பாதி வழியில் போயிற்று. தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்தே போனார். ஜோதி பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவரையும் விடவில்லை. சோற்று வரிசையில் முன்னால் நின்ற பெரியவர், "கையில தட்டப் புடிச்சிகினு நிக்கறேன். இப்பப் போயி கேக்கறியேப்பா" என்று கும்பிட்டுவிட்டாராம்.

இப்படியே பங்குனிக் கடைசி வந்துவிட்டது. மெடிக்கலுக்குப் பத்து நாள். செல்வி வந்து என் அடுப்படியில் நின்றாள்.

"யக்கா, நீங்க நாளுக்கு ஒண்ணு கெளப்பி வுடறீங்க. சைக்கிளும் வர்ல, ஒண்ணும் வர்ல. அந்த மெஷின புடுங்கிட்டா மனுசன் ஒடைஞ்சி பூடுவாரு."

குத்திவிட்டது. விளையாட்டாகச் செய்தது ஒருத்தர் பிழைப்பில் கை வைக்கப் பார்க்கிறதே என்று சாயங்காலம் அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, ஹைப்ரிட் வாங்குங்க. பேச்சே இல்ல."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நீங்களே இவ்ளோ உறுதியா சொல்றீங்கன்னா, அதுல என்னமோ இருக்குதுக்கா. எதுக்கும் விசாரிச்சிகினு வந்துடறேன்." விடுவிடுவென்று நடையைக் கட்டிவிட்டார்.

மெடிக்கல் அன்றைக்கு நான் பச்சைத் தண்ணி குடிக்கவில்லை. மத்தியானம் மனிதர் பெல்ட்டில் புது ஓட்டை போட்ட இடுப்போடு வந்து நின்றார். சர்க்கரை இறங்கிவிட்டதாம். "நல்லா சைக்கிள் ஓட்டியிருக்கீங்க" என்று டாக்டர் பாராட்டியிருக்கிறார்.

"எத வாங்கறதுன்னே இன்னும் முடிவாவலீங்க டாக்டர். நீங்க ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றிருக்கிறார் இவர். டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, இந்த மூன்று மாசமும் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தாராம். ஆள் ஆளாய்த் தேடிக் காலால் நடந்த கணக்கைக் கேட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

"கடைசியில ஹைப்ரிட்டே வாங்கச் சொல்லிட்டாருக்கா. நாளைக்குக் கடலூர் போறேன். ஆறு மாசம் கழிச்சி மறுபடி மெடிக்கல் வெச்சிருக்காங்க."

பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சைக்கிள் வந்துவிட்டால் மனிதர் எத்தனை நாள் மிதிப்பார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"கருப்பா, நீலமா தம்பி?" என்றேன்.

அவர் நின்றார். யோசித்தார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் நானும் செல்வியும் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். ஸ்டோரில் கையுறை எண்ண வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.