ஷார்ப் சகோதரர்கள் ஐவர்

சரித்திரம் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாது என்று சொல்ல நாக்கு வளையாது. நான் பி.ஏ. சரித்திரம். (மூன்றாம் வகுப்பு. மதுரையில் அதைச் சொல்ல வெட்கம்; போர்ட் பிளேரில் கேட்க ஆளில்லை.)

அறுபதுகளின் நடுவில் அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். ஊரில் ஒரு சின்ன சர்ச். அதில் ஒரு குழாய் ஆர்கன். வெள்ளைக்காரன் காலத்தில் எதிர்த் தீவுச் சர்ச்சில் இருந்தது, எப்படியோ இடம் மாறி இங்கே வந்திருந்தது. மெயின்லேண்டிலிருந்து வரும் பெரிய அதிகாரி அதைப் பார்க்கப் போகிறாராம். அதன் வரலாறு இரண்டு பக்கத்தில் வேண்டும் என்றார் எங்கள் சூப்பரிண்டெண்ட் பானர்ஜி பாபு.

"ஹோ ஜாயேகா?" முடியுமா என்று கேட்கிறார்.

"ஹோ கயா, சார்" என்றேன். முடிந்தே விட்டதாம்! (என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் அவர் மேஜையில்தான் கிடந்தது.)

படகுத்துறையில் ஒரு பெரியவரைக் கேட்டேன். ஜப்பான்காரன் கழற்றிப் போட்டது என்றார். கடைக்கார ராவுத்தர், "அது ரங்கூன் சாமான் தம்பி, இறக்கும்போது எங்க வாப்பா கண்ணால பாத்தாக" என்றார். இரண்டையும் குறித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போய் ஆர்கனின் பின்பக்கம் ஏறினேன். அங்கே காத்திருந்தது என் அதிர்ஷ்டம். குழாய்களின் மேல் ஆங்கிலத்தில் பென்சில் எழுத்து: சி. ஷார்ப். டி. ஷார்ப். எஃப். ஷார்ப். இப்படி மொத்தம் ஐந்து ஷார்ப்கள்.

கீழே ரோஸ்லின் டீச்சர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் அந்த ஆர்கனை வாசிப்பவர் அவர்தான்.

"என்ன சார் தேடுதீங்க? வேணும்னா எங்கிட்ட கேளுங்களேன்."

"வேண்டாம்மா, இது ஆராய்ச்சி."

இரண்டு பக்கம் கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுதினேன். ஆர்கனைச் செய்தவர்கள் ஷார்ப் என்ற ஆங்கிலேயக் குடும்பத்துச் சகோதரர்கள் ஐவர்: ஏ, சி, டி, எஃப், ஜி. ஏ முதல் ஜி வரை வரிசையாகப் பெயர் வைத்த பெற்றோர் பி-யையும் இ-யையும் விட்டிருப்பார்களா? அந்த இரு குழந்தைகளும் இந்தத் தீவில் மலேரியாவுக்குப் பலியாகியிருக்க வேண்டும். தங்கள் கண்ணீரைத்தான் மற்ற ஐவரும் இசையாக்கினார்கள். (இந்த வரியை எழுதியதும் எழுந்து நின்று எனக்கே இரண்டு முறை படித்துக் காட்டிக்கொண்டேன்.)

அதிகாரி வந்த அன்று சர்ச்சில் நடந்த விழாவில் அவர் முன்னால் அதை உரக்கப் படித்தேன். மலேரியா வந்த இடத்தில் பானர்ஜி பாபு கைக்குட்டையை எடுத்தார். ஆர்கன் பக்கமிருந்து மட்டும் ஒரு விக்கல் கேட்டது. ரோஸ்லின் டீச்சர் சிரிப்பை அடக்கிப் பார்த்துத் தோற்றிருந்தார்.

"சார், நீங்க சொல்லுத ஷார்ப் ஆளு இல்ல, சுரம். இந்தா, இவருதான் சி. ஷார்ப்." ஒரு கறுப்புக் கட்டையை அமுக்கினார். ஆர்கன் மாடு மாதிரிக் கத்தியது. "இவரு தம்பி டி. ஷார்ப்." இன்னொரு கத்தல். ஐந்து பேரையும் முறையாக அறிமுகம் செய்தார்.

"அப்ப பி-யும் இ-யும்?" என்றேன். அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த ரெண்டுக்கும் கறுப்புக் கட்டையே கெடையாது சார். பிள்ளைங்க சாகல, பொறக்கவே இல்ல."

"அந்தப் பென்சில் எழுத்து?"

"எங்கப்பா எழுதுனது. அவரு தச்சரு. அந்தத் தீவு சர்ச்சு இடிஞ்சு விழுமுன்ன, இத ஒவ்வொரு குழாயா கழத்திப் படகுல கொண்டாந்தாரு. திருப்பி மாட்டும்போது மாறிறக் கூடாதுன்னு சுரத்த எழுதிவச்சாரு. அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்கதான் ஆராய்ச்சின்னுட்டீங்க."

இதையெல்லாம் அதிகாரிக்காக இந்தியிலும் ஒருமுறை விளக்கினார். ஆக, இரண்டு மொழிகளில் என் மானம் போனது. அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பானர்ஜி பாபு சிரிக்கவில்லை. நனைந்த கைக்குட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த வாரமே பாராடாங் தீவின் மரக் கிடங்குக்கு மாற்றல். எனக்கு முந்தின படகிலேயே சேதி போயிருந்தது. இறங்கும்போதே ஒரு கூலியாள் கத்தினான்: "ஷார்ப் பாபு ஆ கயா!" ஷார்ப் பாபு வந்துவிட்டாராம். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வருஷம் ஆனது. பெயர் அன்றைக்கே நிரந்தரம்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனால் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்குச் சித்தப்பா, பெரியப்பா யாரும் உண்டா?" என்று கேட்டார்.

"அஞ்சு பேர்" என்றாள் என் மனைவி, காபியை நீட்டியபடி. "இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க. சின்ன வயசுலயே மலேரியாவுல போயிட்டாங்க."

அந்த அம்மாள் உச்சுக்கொட்டி, என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்.