தொடைத் தாளக்காரரும் பெரிய டிரம்மும்

"இந்தியத் தாள நிபுணர் டாக்டர் சந்திரமௌலி, மேற்கு ஆப்பிரிக்க டிரம் இசையின் அமைப்பை விளக்கி, நிகழ்ச்சியை நிறைவு செய்து வைப்பார்" என்று 1972இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு வெளிநாட்டு மாணவர் சங்கம் அறிவிப்பு ஒட்டியது. டாக்டர் பட்டம் இன்னும் வரவில்லை. இரும்புக் கம்பி எத்தனை தடவை வளைந்தால் ஒடியும் என்று எண்ணுவது அவருடைய ஆராய்ச்சி. சங்கீதத்தில் அவர் வசம் இருந்தது ஒரு தொடை.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். எந்தக் கச்சேரியிலும் முன்னால் போய் உட்கார்ந்து, தாம் கவனிக்காவிட்டால் வித்வான் வழி தவறிவிடுவாரே என்ற கவலையில் தொடையில் ஓங்கித் தட்டி, விரல் விட்டு எண்ணி, பக்கத்து இருக்கைக்காரரின் கை தப்பாக விழுந்தால் பார்வையாலேயே திருத்தி, தாளம் வந்து சேரும் சமத்துக்கு ஒரு கணம் முன்பே தலையை ஆட்டி, வித்வான் தமக்குக் கீழ்ப்படிந்துதான் முடித்தார் என்று சுற்றுமுற்றும் பார்த்துத் தெரிவிப்பவர். இசையைக் கேட்பாரா? அதற்கு ஏது நேரம்?

அன்று பெரிய டிரம் வாசிக்க இருந்தவர் கொம்லா. கானாவிலிருந்து வேதியியல் படிக்க வந்தவர். மௌலி அவரை முன்கூட்டியே விசாரித்தார்.

"ஒரு பகுதிக்கு எத்தனை சுற்று?"

"எண்ணிக்கை கிடையாது. பெரிய டிரம் ஓர் அடையாள அடி கொடுக்கும். உடனே மற்ற டிரம்களும் ஆட்டமும் மாறும்."

"எப்போது கொடுக்கும்?"

"ஆடுகிறவர்களைப் பார்ப்பேன். யாராவது புதிதாக இறங்கினால் அவருக்காக ஒன்று. களம் காலியானால் முடிவுக்கு ஒன்று."

"பாவம், கை இருக்கு, தியரி தெரியலை" என்று மௌலி கிரிஜாவிடம் இரங்கினார். கிரிஜா அதே ஆய்வகத்தில் இருப்பவர். வீணை வாசிப்பவர், ஆகையால் தாளத்தை வெளியே தெரியும்படி எண்ணாதவர்.

முன்வரிசையில் பேராசிரியர். மௌலியின் கம்பிக் கணக்கில் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். பட்டம் அவர் கையெழுத்தில் தொங்கியது. நமக்கு எண்ணத் தெரியும் என்று காட்ட இதைவிட நல்ல மேடை உண்டா? "முப்பத்திரண்டாவது சுற்றில் முடியும்" என்று மௌலி மைக்கில் அறிவித்தார்.

முப்பத்திரண்டும் வந்தது. ஆடியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். முடிவு அடிக்குக் கொம்லா கையை ஓங்கும் நேரத்தில், முடிந்ததும் அவருக்குக் கொடுக்க வைத்திருந்த பூங்கொத்தோடு மௌலி எழுந்து களத்துக்குள் நடந்தார். புதிதாக ஒருவர் இறங்கிவிட்டார்! கொம்லாவின் முகம் மலர்ந்தது. அடையாள அடி விழுந்தது, டிரம்கள் மாறின, ஓய்ந்தவர்கள் ஓடிவந்து மௌலியைச் சுற்றி ஆடினார்கள்.

"கொம்லா ஒரு சுற்று விட்டுட்டார்" என்று மௌலி திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எண்ணினார். மறுபடி எழுந்தார். மறுபடி ஆட்டம்.

அடுத்த முறை எழப்போனபோது கிரிஜா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். "மௌலி, நீங்க உட்கார்ந்தாலே முடிஞ்சிடும்."

"என் கணக்குப்படி இப்பதான் முடியணும்."

"உங்க கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்? அவர் உங்களைப் பார்த்துல்ல அடிக்கிறார்!"

"ஆக, என்னை ஃபாலோ பண்றார்னு ஒத்துக்கறீங்க" என்று மௌலி எழுந்து களத்துக்குள் நடந்தார். மறுபடியும் ஆட்டம்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கிரிஜா பூங்கொத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது இல்லாமல் நிபுணர் எப்படி எழுவார்? களம் காலியானது. கொம்லா முடித்தார். மௌலி தொடையில் தட்டி, "சமம்!" என்றார்.

பேராசிரியர் வந்து கை குலுக்கினார். "அருமையான மாலை. கம்பிகளை மட்டும் முதலிலிருந்து ஒருமுறை எண்ணிவிடுங்கள்."

இதுவரை சிரித்துக்கொண்டு வந்த நீங்கள், உங்கள் வலது கை இப்போது எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியை டாக்டர் சந்திரமௌலி சிறப்பாக நிறைவு செய்து வைத்ததாகச் சங்கம் பின்னர் அறிவித்தது. முடிய இருந்த ஆட்டத்துக்குள் அவர் மூன்று முறை பூங்கொத்தோடு நடந்து போனார்.