உறைவிந்துக் குச்சியில் ஒட்டுண்ணி தேடிய படலம்

இரு கண்ணும் போதாதென்று கண்ணாடியும் அணிந்தவளே, நுண்ணோக்கியின் முன் ஒன்பது ஆண்டு குனிந்தும் ஒடியாத முதுகினளே, ஆய்வுக்கூடத்தார் கண்ணாடியக்கா என்று விளிக்கும் வீரமங்கையே, வாழி! கூடலின் வழியே காளையிலிருந்து பசுவுக்குத் தாவிக் கருவைக் கலைக்கும் ஒட்டுண்ணி என்னும் கொடும்பகையை நீ வேட்டையாடிய கதையை, முகம் சுளிக்காமல் பாடுகிறோம்.

வெண்புகை சீறும் உறைகலத்துள் இடுக்கியை இறக்கி, ஈர்க்குச்சியாய் மெலிந்த உறைவிந்துக் குச்சி ஒன்றை அவள் உருவியபோது, வாசலில் நின்ற காளைப் பராமரிப்பாளர் எட்டி எட்டிப் பார்த்தார். ஒட்டுண்ணி தென்பட்டால் அதே காளையின் விந்தை அடைத்து உறையவைத்த ஆயிரம் குச்சியும் நெருப்புக்கு; அவர் கையால் தீவனம் தின்று வளர்ந்த பொலிகாளையோ கசாப்புக்கு. பாவம், மனிதர் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

குச்சியை வெந்நீர்த் தொட்டியில் அரை நிமிடம் அமிழ்த்தி, துடைத்து, முனை கத்தரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இட்டுக் குனிந்தாள். அந்தோ! அம்பெனப் பாயவேண்டிய விந்தணுச் சேனையில் ஒருவன் சுழன்றான், ஒருவன் துள்ளினான், மற்றவரெல்லாம் செருப்பைத் தொலைத்தவர்போல் நின்ற இடத்திலேயே நெளிந்தனர். சுழல்வதும் துள்ளுவதும் ஒட்டுண்ணியின் நடையாயிற்றே!

"அகப்பட்டாய், கருவறுக்கும் கயவனே! உன் குலத்தை எரிக்கும் படிவம் இதோ!" என்று முழங்கி, 'உண்டு' என்னும் கட்டத்தின்மேல் பேனாவை ஓங்கினாள்.

"அக்கா, இன்னொரு குச்சி மட்டும் பாத்துருங்கக்கா," என்று பராமரிப்பாளர் கெஞ்சினார்.

அவளுக்கும் மனம் கேட்கவில்லை. இரண்டாம் குச்சியை அமிழ்த்தப் போனவளின் விரல் நீரில் பட்டது, சில்லென்றிருந்தது. முப்பத்தேழு பாகை வெம்மையில் விழிக்கவேண்டிய சேனை, குளிரில் வால் முறுக்கிக்கொண்டு தவித்ததையா பகையென்று எண்ணினோம் என்று நாணினாள். வெப்பமானியைப் பார்க்காதது அவள் பிழைதான். ஆனால் தொட்டியின் மின்வடம் தரையில் கிடக்க, அதற்குரிய துளையில் ஒரு செல்போன் சார்ஜர் அரசு வீற்றிருந்தது.

"யாருய்யா இதப் புடுங்குனது?"

"நான்தாங்கக்கா. ரிசல்ட்ட உடனே வீட்டுக்குச் சொல்லலாம்னு..."

நீர் மீண்டும் சூடேறியது. புதிய குச்சிகள் மூன்று களம் புகுந்தன. சேனை சீறிப் பாய்ந்தது. தகட்டின் மூலைமுடுக்கெல்லாம் துழாவியும் பகைவன் ஒருவனும் இல்லை. 'இல்லை' என்னும் கட்டத்தில் வெற்றிக்கொடி நாட்டப்பட்டது. பராமரிப்பாளர் விசும்பி விசும்பி அழுதார். வீரமங்கையின் கண்ணாடியும் பனித்தது.

அழுது முடித்தவர், "அப்ப சார்ஜர எங்கக்கா போடுறது?" என்று கேட்டார்.

வராந்தாவில் போடச் சொன்னாள்.