நான் கண்டுபிடித்த ஒன்றரை மணி நேர விண்மீன்

பொறாமைப்படக் கூடாது என்று உபதேசிக்கிறவர்களின் பக்கத்து மேசையில் சுகந்தி உட்கார்ந்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர்கள். நான் ஒரு வருடம் மூத்தவன். (வயதில் மட்டும்தான்.)

சில விண்மீன்களிலிருந்து வரும் எக்ஸ்ரே கூடும், குறையும். காற்றுமண்டலம் அதைத் தரைக்கு விடாது. அதனால் செயற்கைக்கோளில் உள்ள கருவி எண்ணி அனுப்புவதை வைத்து, எது எப்போது மினுக்குகிறது என்று பார்ப்பதே எங்கள் பிழைப்பு. அன்னூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த சுகந்தி, ஆறே மாதத்தில் ஒரு விண்மீன் திடீரெனப் பொங்கியதைப் பிடித்துவிட்டாள். பேராசிரியர் 'அம்மணி, அம்மணி' என்று கொண்டாடினார். எனக்கு வயிறு எரிந்தது. பெங்களூர் கருத்தரங்கில் பேச எங்கள் துறைக்கு ஒரே ஓர் இடம்தான். அது அவளுக்குப் போய்விடக் கூடாதே!

பத்தே நாளில் நானும் ஒன்றைப் பிடித்தேன். என் விண்மீன் ஒன்றரை மணிக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரிந்தது, கடிகாரம் தோற்றது போங்கள்! சுகந்தி எட்டிப் பார்த்தாள். கைத்துண்டால் திரையை மூடினேன்.

"ஏனுங்ணா, பூமி மறைக்கற நேரத்தையெல்லாம் கழிச்சுப்போட்டீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க" என்றேன். (வாயைப் பிடுங்கப் பார்க்கிறாள், கள்ளி!) அன்றே அம்மாவுக்குப் போன் போட்டேன். ஆர்.எஸ்.புரத்து மாமா வரை செய்தி பரவி, அவர் சால்வையே வாங்கிவிட்டார்.

துறைக் கூட்டத்தில் படத்தைப் போட்டேன். பேராசிரியர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நம்ம செயற்கைக்கோள் பூமிய ஒருக்கா சுத்தி வர எத்தன நேரமாகுமுங்க?"

"ஒன்றரை மணி..." என்றேன்.

ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைத்திருக்கிறது. விண்மீன் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மறைக்கும் நேரத்தைக் கழிப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அவளை முந்துகிற அவசரத்தில் அதையே விட்டுத் தொலைத்திருந்தேன்.

"அப்ப நீங்க பூமியக் கண்டுபுடிச்சிருக்கீங்க தம்பி. ரொம்பச் சந்தோசமுங்க" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் சிரித்தார்கள், சுகந்தியைத் தவிர. அவளும் சிரித்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். பெங்களூருக்கு அவள்தான் போனாள்.

நடந்ததை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தது இரண்டாவது முட்டாள்தனம். பல வருடங்கள் ஓடி, போன வருடம் எனக்கு வேலையில் பதவி உயர்வு வந்ததும் அம்மாவை ஆசையாகப் போனில் கூப்பிட்டேன்.

"இன்னொருக்கா நல்லாப் பாத்துப்போட்டுச் சொல்லு கண்ணு. பூமி கீமி மறைச்சிருக்கப்போவுது!"

சரி, அம்மாவின் சுபாவமே சந்தேகம் என்று தேற்றிக்கொண்டேன். போன வாரம் சுகந்தி பேராசிரியை ஆன செய்தியை வேண்டாவெறுப்பாகச் சொல்ல ஆரம்பித்தேன். நான் பாதி சொல்லும் முன்பே அம்மா நம்பிவிட்டாள்.