இடது கையில் ஜெர்மனி

ஆம்பூரில் இருந்துகொண்டே ஜெர்மனியில் குடும்பம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் டபுள் வாட்ச் பாய்தான். அந்த நாட்டு அரசாங்கத்துக்கு விஷயம் தெரிந்திருந்தால் ரேஷன் கார்டே கொடுத்திருக்கும்.

எங்கள் ஷூ கம்பெனியில் பாய்தான் கடைசி செக்கிங். அவர் தடவிப் பார்த்துத் தலையாட்டினால்தான் ஷூ பெட்டிக்குள் போகும். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும். வலது கையில் ஒரு வாட்ச், அது ஆம்பூர் மணி. இடது கையில் இன்னொன்று, அது ஜெர்மனி மணி. மகள் ஷபானா கல்யாணமாகி அங்கே போன மறுநாள் கட்டியது.

"எதுக்கு பாய் ரெண்டு? போன்லயே எல்லா ஊர் டைமும் காட்டுதே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போன்ல பாக்கணும்னா எடுக்கணும் சார். கைல இருந்தா அதுவா கண்ல படுது. இப்போ பாருங்க, எட்டரை. எம்பொண்ணு பஸ்ஸுக்கு நின்னுட்டு இருப்பா."

நாங்கள் அப்போது பன்னிரண்டு மணி வெயிலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தோம்.

உலக விவகாரம் முழுக்க பாய்க்கு ஷூ வழியாகத்தான் வந்து சேரும். ஆர்டர் குறைந்தால், "அங்க விலைவாசி ஜாஸ்தி ஆய்ட்ச்சு சார். ஜனங்க பழசையே தச்சுப் போட்டுக்குறாங்க" என்பார். கடலில் சண்டை என்று கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன சமயத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இன்னா சார் இது? கால்ல போடறதுக்கு முன்னாடியே நம்ம ஷூ இவ்ளோ தூரம் சுத்துது!"

ஒருமுறை நூல் லேசாகத் தளர்ந்திருந்த ஒரு ஜோடியைத் தூக்கி ஓரமாகப் போட்டார். "அங்க மழை ஜாஸ்தி. இத எம்பொண்ணு வாங்கிட்டா இன்னா பண்றது?"

"பாய், அது ஆம்பளைங்க ஷூ" என்றார் சூப்பர்வைசர்.

"ஏன், எங்க மாப்ள போட மாட்டாரா?"

ஷபானா போய் நான்கு வருடம் ஆகியும் ஒருதடவைகூட ஊர்ப்பக்கம் வர முடியவில்லை. ஒவ்வொரு பக்ரீத்துக்கும் வருகிறேன் என்பாள், லீவு கிடைக்காது. பாய்க்கு மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை போன் ஒன்றுதான். அவள் ஊர்ப் பத்து மணிக்குக் கூப்பிடுவாள், இங்கே மதியம் ஒன்றரை. மகள் குரல் காதில் விழாமல் பாய் சோற்றில் கை வைக்க மாட்டார். அவர் வைக்காமல் அந்த வீட்டில் வேறு யாரும் வைக்கக் கூடாது. விருந்தாளி உட்பட.

இந்தச் சட்டம் தெரியாமல்தான், அவள் போன முதல் வருடம், ஒரு அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை பள்ளிகொண்டாவிலிருந்து பஸ் ஏறிப் போய் அவர் வீட்டில் உட்கார்ந்தேன். தேக்சாவின் மூடியைத் தாண்டி பிரியாணி வாசனை வந்தது. பக்கத்தில் கத்தரிக்காய் எண்ணெயில் மின்னியது. ஒன்றரை ஆனது. போன் அடிக்கவில்லை. ஒன்றே முக்கால் ஆனது.

"நீங்களே கூப்பிட்டுப் பாருங்களேன் பாய்."

"தூங்கிட்டு இருந்தா பேஜார் ஆய்டும் சார். வாரம் பூரா வேல செய்ற பொண்ணு." இரண்டு மணிக்குக் குரல் இறங்கிவிட்டது. "சார், டிவிய போடுங்க. ஜெர்மனில இன்னா ஆச்சுன்னு பாப்போம்."

எல்லா சேனலையும் தள்ளிப் பார்த்தோம். ஜெர்மனியில் ஒன்றும் ஆகவில்லை. அதையும் பாய் நம்பவில்லை. "மறைக்கிறாங்க சார்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "ஒண்ணும் ஆவல. பிரியாணிதான் ஆறிப்போச்சு" என்றார். பாய் இடது கை வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கும் பசி போய்விட்டது.

சரியாக இரண்டரைக்கு போன் அடித்தது. "அப்பா, இங்க குளிர்காலத்துக்கு மணிய ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சுட்டாங்க. சொல்ல மறந்துட்டேன்!"

பேசி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவருக்கு அப்புறம்தான் கோபம் வந்தது. "ஒரு கவர்மெண்டு மணிய மாத்துதுன்னா ஒரு வார்த்த சொல்லணுமா இல்லியா சார்? இங்க பெத்தவன் ஒருத்தன் ஒக்காந்துட்டு இருக்கான்!"

இதை நான் சும்மா விடுவேனா? கம்பெனியில் காது மூக்கு வைத்துச் சொல்லி மூன்று வருடம் சிரிக்க வைத்தேன். பாயும் சேர்ந்து சிரித்தார்.

இந்த வருடம் ஷபானா பிள்ளை பெற்றாள். பாயும் மனைவியும் மூன்று மாத விசாவில் கிளம்பினார்கள். வழியனுப்பப் போன இடத்தில் பாய் இடது கை வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினார். "அங்க எனக்கு இது எதுக்கு சார்? நீங்க வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு நானே கூப்புட்றேன்."

சொன்னபடி கூப்பிட்டார். "சார், ட்ராம்ல ஒரு ஆளு நம்ம ஷூ போட்டுட்டு வந்தாரு! என் செக்கிங்!"

"பேசினீங்களா?"

"பாஷ தெரியாதே. குனிஞ்சு தையல தடவிப் பாத்தேன். பயந்து அடுத்த ஸ்டாப்லயே எறங்கிட்டாரு."

"தையல் எப்படி பாய்?"

"ஒரு நூல் பிரியல சார்!"

அவர் இல்லாத செக்கிங் மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மூன்று மாதம் என்பது இவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லை.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் பிரியாணி. பாய் மனைவி சொல்லிக்கொடுத்த பக்குவம். ஒன்றரைக்கு போன் வரவில்லை. இரண்டு மணிக்கு நான் டிவியைப் போட்டேன். ஜெர்மனியில் ஒன்றும் ஆகவில்லை.

என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். "இன்னாங்க, இன்னிக்கு அவங்க மணி மாத்தற நாளாச்சே? ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சது நீங்கதானே?"

அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த வாட்சை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தேன்.

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு. சாப்ட்டுட்டு ஒக்காருங்க, ஆறுது."

"ஆறட்டும்" என்றேன். "பாய் கூப்பிடட்டும்."