எலித் தேர்வுக் குழுவின் ஏகமனதான முடிவு

வந்திருந்தோர்: தலைவராக, வீட்டுக்காரர். செயலாளராக, அவர் மனைவி. நிபுணராக, செல்லப்பிராணிக் கடைக்காரர். விண்ணப்பதாரர்களாக ஒரு கினி பிக், ஒரு வெள்ளெலி, ஒரு ஹாம்ஸ்டர், தனித்தனிக் கூண்டுகளில். பயனாளியாக, ஆறு வயதுப் பாப்பா, சாப்பாட்டு மேசைக்கு அடியில். வாக்குரிமை இல்லாத பார்வையாளராக, செயலாளரின் தம்பி. அவன் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றான். நாற்காலி ஒன்று காலியாகத்தான் இருந்தது, ஆனால் அதில் தலைவரின் லேப்டாப் பை உட்கார்ந்திருந்தது.

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் 'கூட்டம்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் இல்லாமல்கூட ஒரு குடும்பம் எப்படியாவது காலத்தை ஓட்டிவிடும். மூன்றாவது இல்லாமல் ஓட்டவே முடியாது என்பதற்கு இந்த வீடே சாட்சி. தலைவர் ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சி மேலாளர். கூட்டம் நடத்துவது எப்படி என்று கூட்டம் போட்டுச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். செயலாளருக்குப் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. மூடி சரியாக மூடுகிறதா என்று இழுத்துப் பார்ப்பது. இருவரும் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். ஆகவே வீட்டு விஷயம் எதுவானாலும் விடுமுறை நாளில் கூட்டம் போட்டுத்தான் முடிவாகும். குளியலறைத் திரை என்ன நிறம் என்பது ஒரே அமர்வில் முடிந்தது. இரண்டாவது குழந்தை வேண்டுமா என்பது பல அமர்வுகள் பேசப்பட்டு, 'போதிய நேரமின்மை காரணமாக' ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குப் பதிலாகத்தான் எலி.

பாப்பா வகுப்பில் பென்சில் டப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வீட்டில் யாராவது அவளோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றும் சொல்லியிருந்தார். 'யாராவது' என்ற சொல்லைத் தலைவர் மிகக் கவனமாகப் பரிசீலித்தார். அந்தச் சொல்லில் அவரோ அவர் மனைவியோதான் பேச வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்று கண்டார். ஆள் எடுத்துவிடலாம்.

பேசுவதற்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. செயலாளரான அக்காவின் தம்பி ஒரு கூரியர் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். ஷிப்டை அவன் விட்டுவிட்டான். ராத்திரி அவனை விடவில்லை. இன்னமும் விடிந்த பிறகுதான் கண் மூடும். சின்ன அறையின் ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டிப் பகலெல்லாம் தூங்குவான். பள்ளி வேன் ஹாரன் கேட்டதும் எழுந்து, லுங்கியை இறுக்கிக்கொண்டு கதவைத் திறப்பான். அப்புறம் அவனும் பாப்பாவும் தரையில் உட்கார்ந்து பிஸ்கட் டின்னைக் காலி செய்வார்கள். டீச்சர் தன்னை எப்படியெல்லாம் பார்த்தார் என்று அவள் நடித்துக் காட்டுவாள். அவன் கிடங்கு சூப்பர்வைசரை நடித்துக் காட்டுவான். 'ராத்திரி மாமா' என்று பேர் வைத்தவள் அவள்தான். தலைவர் வைத்த பேர் 'ராக்கோழி'.

எலி வந்தால் அதற்கு ஓர் இடம் வேண்டும். வீட்டில் காலி செய்யக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான். ராத்திரி மாமா தூக்கக் கண்ணோடு ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றது அதனால்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "முதல் விண்ணப்பதாரர்."

கடைக்காரர் கினி பிக்கை மேசைமேல் வைத்தார்.

"என்னங்க இது, பன்னியா?"

"பேருதான் சார் அப்படி. எலி ஜாதிதான். தங்கமான குணம். நீங்க வாசல்ல செருப்பக் கழட்டுற சத்தம் கேட்டா போதும், விசிலடிச்சுக் கூப்பிடும்."

"எதுக்கு?"

"பாசம் சார்."

"ஒரு தடவ கூப்பிட்டு விட்டுருமா?" என்றாள் அக்கா.

"நீங்க போய்ப் பாக்கற வரைக்கும் கூப்பிடும் மேடம்."

தலைவரின் முகத்தில் நிழல் விழுந்தது. "ஆபீஸ்ல நாள் பூரா அதான் நடக்குது. வீட்டுக்கு வந்துமா?"

"இன்னொண்ணு சார். இத ஒத்தையா வளக்கக் கூடாது. தனியா கெடந்தா ஏங்கிப் போயிரும், சாப்பிடாது. ஜோடியா எடுத்துக்கங்க. விலை பாத்துப் போட்டுத் தரேன்."

"தனியா இருக்கத் தெரியாதா இதுக்கு?" அக்கா கூண்டின் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். "இவ்ளோ பெருசா வளந்திருக்கு?"

'தனித்துச் செயல்படும் திறன் போதாது' என்று முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது. கினி பிக் ஒரு தடவை விசிலடித்தது. குழு அதை மேல்முறையீடாக ஏற்கவில்லை.

அடுத்து வெள்ளெலி. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நேர்காணல்களில் அவர் ஆசை ஆசையாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டார்.

"அஞ்சு வருஷம் கழிச்சு இது எந்த இடத்துல இருக்கும்?"

"செத்துப் போயிருக்கும் சார்."



"வெளிப்படையான பதில்" என்று தலைவர் தலையசைத்தார். "நம்ம ஆபீஸ்ல ஒருத்தன்கூட இப்படிச் சொன்னதில்ல."

"ஆனா அறிவு சார் அறிவு! பேர் வச்சா தெரிஞ்சுக்கும். கூப்பிட்டா வரும். தோள்ல ஏறி உக்காந்துக்கும். சின்னக் குழந்தைக்கு இதவிட சாது கெடையாது."

மேசை விளிம்பில் ஒரு குட்டி விரல் முளைத்து, கூண்டுக் கம்பிக்குள் நுழைந்தது. வெள்ளெலி அதை முகர்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. மேசைக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கடைக்காரர் வியாபாரம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். பாவம், அவருக்குக் கூட்ட நடைமுறை தெரியாது.

"போன மாசம்தான் ஆள் வரவழைச்சு எலி மருந்து வச்சோம்" என்றாள் அக்கா.

"ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்றது? வீட்ல எலி இருக்குன்னா சொல்றது?" என்றார் தலைவர். "எதுக்கும் ஒரு மதிப்பு மரியாத வேணாமா?"

'பொதுமக்களிடையே நற்பெயர் இல்லை' என்று இரண்டாம் விண்ணப்பமும் விழுந்தது. விரலை விடுவிக்கத்தான் கொஞ்சம் நேரமானது. யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்பது தெளிவாகத் தெரியவில்லை.

மூன்றாவது விண்ணப்பதாரர் நேர்காணலுக்கு வந்தும் தூங்கிக்கொண்டிருந்தது. மரத்தூளுக்குள் பழுப்பாக ஒரு பந்து. தலைவர் குனிந்து பார்த்தார். அவர் குரலே தாழ்ந்துவிட்டது.

"தூங்குதா?"

"பகல் பூரா தூங்கும் சார். ஹாம்ஸ்டர் அப்படித்தான்."

"எழுப்புனா?"

"கடிக்கும்."

"ஜோடி வேணுமா?" என்றாள் அக்கா.

"ஐயோ, கூடவே கூடாது மேடம். இன்னொண்ண உள்ள விட்டா கொன்னே போட்டுரும். ஒத்தையா இருந்தாத்தான் அதுக்கு நிம்மதி."

"யாரையும் தேடாதா?"

"பெத்த தாயக்கூடத் தேடாது."

தலைவரும் செயலாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இப்படிப் பார்த்துக்கொண்டது அபூர்வம். இத்தனை காலம் அவர்கள் தேடிய 'குடும்ப உறுப்பினர்' இதோ மரத்தூளுக்குள் சுருண்டு கிடந்தது.

"பகல்ல தூக்கம், ராத்திரி முழிப்பு, எழுப்புனா கடி" என்று தலைவர் விரல் மடக்கினார். "மாப்ளே, உங்க பக்கத்துச் சொந்தமா?"

"ஆமா அத்தான்" என்றான் ராத்திரி மாமா. "ஆனா எங்க வகையறாவுல அவங்க நல்லா செட்டிலாயிட்டாங்க."

"மாமா ஒண்ணும் கடிக்க மாட்டாரு" என்றது மேசையின் அடிப்பகுதி. "நான் ஸ்கூல்லேர்ந்து வந்தா எந்திரிச்சிருவாரு. மாமாவையே வச்சுக்கலாம்."

"பாப்பா, திருத்தம் கொண்டு வரணும்னா கையத் தூக்கிட்டுப் பேசணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

சின்னக் கை ஒன்று மேசைக்கு மேலே வந்தது. "மாமாவையே வச்சுக்கலாம்."

தலைவர் அந்தத் திருத்தத்துக்கு உரிய மரியாதை கொடுத்து ஆராய்ந்தார். "இன்னைக்குப் பேச எடுத்துக்கிட்டது எலி. மாமா எலி கெடையாது. ஆகவே எடுத்துக்க முடியாது."

"ரெண்டு டின் பிஸ்கட் எங்க போச்சுன்னு கேளுங்க, அப்புறம் எலியா இல்லையான்னு சொல்லலாம்" என்றாள் அக்கா. கடைக்காரர் சிரித்தார். ராத்திரி மாமாவும் சிரிக்க வேண்டியதாயிற்று. இருக்க இடம் கொடுத்தவர்கள் சொல்லும் நகைச்சுவை அது.

கை இறங்கவில்லை. "இது எப்ப முழிக்கும்?"

"ராத்திரி ஒம்பது மணிக்கு மேல, கண்ணு" என்றார் கடைக்காரர்.

"நான் எட்டு மணிக்கே தூங்கிரணுமே."

"அதாண்டா கண்ணு இதுல இருக்கற அழகே!" தலைவர் எழுந்தேவிட்டார். "உன்னால அதுக்குத் தொந்தரவில்ல, அதால உனக்குத் தொந்தரவில்ல."

உலகத்தில் இதுவரை நட்பு என்று சொல்லப்பட்டவை அனைத்தும் சண்டையில் முடிந்திருக்கின்றன. ஒருவரையொருவர் சந்திக்கவே தேவையில்லாத நட்பை ஏற்பாடு செய்த முதல் தகப்பன் என்ற பெருமையை இவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கடைக்காரரும் கை தூக்கினார். பாப்பாவின் கை முன்பே உயர்ந்திருந்ததால் அதையும் ஆதரவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் கூண்டுக்கு இடம் தேடி, கடைக்காரர் சின்ன அறையின் கதவைத் தள்ளினார்.

"சார்! இதுக்குன்னே கட்டிவச்ச மாதிரில்ல இருக்கு! சூரிய வெளிச்சம் ஒரு பொட்டு வராது, சத்தம் வராது. யார் சார் இவ்ளோ அருமையா ஜன்னல அடைச்சது?"

அடைத்தவன் ராத்திரி மாமா. ஒவ்வோர் ஆணியும் அவன் அடித்தது.

"அக்கா, நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்றான்.

"ஹால்ல ஆள் நடமாட்டம் இருந்தா அதுக்குத் தூக்கம் கெடும் மாப்ளே" என்றார் தலைவர்.

அக்கா கூண்டின் மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் நல்லதுக்குத்தான்டா சொல்றோம். இங்க சொகுசா இருக்கற வரைக்கும் நீ வேலை தேடப் போறதில்ல."

"அது கெடக்கட்டும்க்கா. சாயங்காலம் பாப்பா வேன்லேர்ந்து எறங்குனா கதவ யாரு தொறப்பா?"

பயிற்சி மேலாளர்கள் எந்தக் கேள்வியையும் அப்படியே விட்டுவிடுபவர்கள் அல்ல. தலைவரின் கண், கடைக்காரர் கூண்டோடு இலவசமாகக் கொடுத்த சாவி வளையத்தின்மேல் விழுந்தது. அதில் சிரிக்கும் ஹாம்ஸ்டர் பொம்மை தொங்கியது.

"பாப்பாவே தொறப்பா. சுயசார்பு!"

"ஆறு வயசு அத்தான்."

"ஹாம்ஸ்டர் குட்டிய மூணு வாரத்துலயே தாய்கிட்டேர்ந்து பிரிச்சிருவோம் சார்" என்று கடைக்காரர் தன் பங்குக்குச் சொன்னார். "ஒண்ணும் ஆகறதில்ல."

"கேட்டீங்களா மாப்ளே? மூணு வாரம்!"

வியாபாரம் முடிந்த உற்சாகத்தில் கடைக்காரர் பராமரிப்பு முறையையும் சொல்லிக்கொடுத்தார். "ரொம்ப சிம்பிள் சார். தண்ணி, தீனி, பூட்டு. காலையில இந்த மூணையும் சரி பாத்துட்டா நீங்க நிம்மதியா வெளிய போயிட்டு வரலாம். அது பாட்டுக்கு இருக்கும்."

தலைவருக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போனது. அன்று மதியமே ஒத்திகைக்கு ஏற்பாடானது. சாப்பாட்டு மேசையில் பாப்பாவின் தண்ணீர் பாட்டிலை அக்கா நிரப்பி வைத்தாள். பக்கத்தில் பிஸ்கட் டின், மூடி சரிபார்க்கப்பட்டு. பூட்டு எட்டவில்லை என்பதால் வாசலுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. அந்த வளையத்தில் கோத்த வீட்டுச் சாவி பாப்பாவின் கழுத்தில் தொங்கியது. ஒத்திகைக்கு வெளியே போக ஓர் ஆள் வேண்டும். அதுவும் தயாராக, தோளில் பையோடு நின்றது.

"மாமா, நாளைக்கு வருவியா?"

"வரேன். நீ வந்து சேர்ற நேரத்துக்கு."

"நான் யாருக்கும் தொறக்கக் கூடாதாம்."

"எனக்குமா?"

பாப்பா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"யாருக்கும்னா யாருக்கும்தான்" என்றார் தலைவர். "ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா மொத்தப் பயிற்சியும் பாழ்."

ராத்திரி மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பகல் வெயில் கண்ணில் குத்தியது. அவனுக்கு வாக்குரிமை இல்லை. ஆனாலும் குழுவின் சாதனையை அவன் மனதார ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஏற்ற எலியைத் தேடுவதாகத்தான் அவர்கள் உட்கார்ந்தார்கள். எழுந்தபோது எலிக்கு ஏற்ற குழந்தை ஒன்றைத் தயார் செய்திருந்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஸ்டூல் இழுபட்டது.

"ரெண்டு தடவ திருப்பணும் கண்ணு."

பூட்டு ஒருமுறை திரும்பியது. பிறகு, சின்னக் கைக்குக் கொஞ்சம் திணறி, இன்னொருமுறை.

அக்கா உள்ளேயிருந்து கதவை இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா மூடிக்கிச்சு" என்றாள்.