தாடையார் பார்த்து வைத்த மருமகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே மண்டபத்து வாசலில் தொடங்கும் வரிசை, மருந்துக்கடையைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம் வரை போய்விடும். யார் பேருந்துக்கு நிற்கிறார்கள், யார் தாடைக்கு நிற்கிறார்கள் என்று நடத்துனருக்கே குழப்பம். ஒரே ஓர் அடையாளம் உண்டு. தாடைக்கு நிற்பவர்கள் மோவாயிலிருந்து உச்சந்தலை வரை ஒரு துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பார்த்தால் மொத்த ஊருக்கும் ஒரே நாளில் பல்வலி வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

உள்ளே மேடையில் இருப்பவர்தான் தாடையார். முன்பு மெத்தைக் கடையில் விற்பனையாளராக இருந்தவர் என்கிறார்கள். ஆட்களை எப்படிச் சாய்ப்பது என்பதை அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

அவருடைய கண்டுபிடிப்பு ரொம்ப எளிமையானது. தலையெழுத்து, தலையெழுத்து என்று நாம் இத்தனை காலமும் மேல்மாடியில் தேடிக்கொண்டிருந்தோமாம். எழுத்து கீழ்த்தளத்தில், தாடையில் இருக்கிறதாம். சதுர முகம் என்றால் கடுவாய். கட்டியவனைக் கடித்தே தீர்த்துவிடும். வட்ட முகம் என்றால் விழுங்குவாய். வீட்டுக்கு வரும் செல்வத்தை விழுங்கிவிடும். நீள முகம் என்றால் சாந்தவாய், அதுதான் உத்தமம். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: வாய்க்கட்டு. முப்பது நாள் கட்டினால் முகம் மாறும், கடி மாறும், விதியும் மாறும். உத்தமமான சாந்தவாய்க்கு எதற்கு மருந்து என்று கேட்காதீர்கள். இருக்கிற சாந்தம் சிந்திவிடக் கூடாதல்லவா? அதற்கும் கட்டு உண்டு. அதை அவரிடம்தான் வாங்க வேண்டும். வீட்டுப் பழந்துணிக்கு அந்த மகிமை கிடையாது, விலையும் கிடையாது.

அவர் பார்க்கும் அழகே தனி. வந்தவரின் இரண்டு கன்னத்திலும் விரலை வைத்து, "பல்லை நல்லா கடிங்க" என்பார். கடித்ததும் விரலுக்கடியில் ஏதோ திரண்டு எழும்பும். "இதோ முடிச்சு! கோப முடிச்சு!" என்று ஒலிபெருக்கியில் கத்துவார். கூட்டம் "ஐயோ" என்னும். பிறகு ஒரு மெழுகுத் துண்டைக் கடிக்கச் சொல்லி, அதில் விழுந்த பல் தடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து மிச்ச ஆயுளைப் படித்துச் சொல்வார்.

இப்படித்தான் ஒரு கல்யாணம் அவர் பல்லில் சிக்கியது. பெண், பல் மருத்துவமனையின் பின்கூடத்தில் பல்செட் செய்பவள். சதுர முகம். மாப்பிள்ளை தபால் பிரிக்கும் வேலையில் இருப்பவன். நீள முகம். இருவரும் இரண்டே முறைதான் சந்தித்திருந்தார்கள். இரண்டாவது முறை அவள் சொன்ன எதற்கோ சிரித்து, அவனுக்குத் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. அன்றைக்கே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. சிக்கல் அதுதான். பிடிக்காதவனாக இருந்தால் தாடையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள்.

மாப்பிள்ளையின் அம்மா மகனுக்கு ஏற்கெனவே கட்டு கட்டிவிட்டிருந்தார். தேதி குறிப்பதற்கு முன் பெண்ணையும் மேடைக்குக் கூட்டி வந்தார். தாடையார் கன்னத்தைத் தொட்டார், கடிக்கச் சொன்னார், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். சூடு பட்டது போல் விரலை வேறு உதறிக்கொண்டார்.

"கடுவாய்! அசல் கடுவாய்!"

"ஐயா, என் பையனுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஒரு வருஷம் தாங்குவான். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல தாயே."

பையன் பக்கத்தில்தான் நின்றான். "ம்ம்... ம்ம்ம்" என்றான். கட்டுக்குள்ளிருந்து அவ்வளவுதான் வந்தது. பெண்ணின் அப்பா அவள் காதருகே குனிந்தார்.

"ஒரு முப்பது நாள் கட்டிக்கோயேம்மா. என்ன குறைஞ்சிடப் போகுது?"

"புத்தி குறைஞ்சிடும்பா."

மாப்பிள்ளையின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இந்தப் பெண் வேண்டாம். பெண்ணுக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாடையாரைக் கேட்டாள்.

"ஐயா, ஆள் வராம கடிச்ச மெழுகு மட்டும் வந்தா, குணம் சொல்லிடுவீங்களா?"

"ஆள் எதுக்கு? கடல் தாண்டி இருந்தாலும் மெழுகு பேசும்!"

"அப்போ சரி. அத்தை, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா. என் கைக்குள்ளயே வளர்ந்தவ. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா. அடுத்த வாரம் அவ கடிச்ச மெழுகைக் கொண்டு வரேன், பாருங்க."

மாப்பிள்ளையின் அம்மா நெகிழ்ந்துவிட்டார். தன் இடத்தையே இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கிறாளே, கடுவாய்க்குள்ளும் இவ்வளவு நல்ல மனசா!

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் நிற்க இடமில்லை. தாடையார் மெழுகை வெளிச்சத்தில் பிடித்தார். பூதக்கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினார். கண்ணை மூடினார். திறந்தபோது ஈரமாக இருந்தது. தொழில் என்று வந்துவிட்டால் அவர் எதிலும் குறை வைப்பதில்லை.

"ஆகா! சாந்தவாய்னா இதுதான் சாந்தவாய். நீள முகம். இருபத்திரண்டு வயசு நடக்குது. மாமியார் பேச்சைத் தட்டாத கடி. கடைவாய்ப் பல்லைப் பாருங்க, ரெண்டு குழந்தை, ரெண்டும் தங்கம். தாயே, உன் மருமகள் கிடைச்சுட்டா!"

மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சிந்தினார். "எங்கம்மா இருக்கா அவ? நான் இப்பவே பார்க்கணும்."

"கையோட கூட்டிட்டு வந்திருக்கேன் அத்தை."

பெண் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஈரப் பஞ்சின் மேல், இளஞ்சிவப்பு ஈறோடு பளபளவென்று ஒரு பல்செட். மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கையில் எடுத்து, ஒலிபெருக்கிக்கு முன்னால் டக் டக்கென்று இரண்டு தரம் தட்டினாள்.

"இவதான். வயசு பதினஞ்சு நாள். கண்ணாடி அலமாரியில பார்வைக்கு வைக்க நான் செஞ்சது. இதுவரைக்கும் யார் வாய்க்குள்ளயும் போனதில்ல. மெழுகை இதுக்கு நடுவுல வச்சு நான்தான் கையால அழுத்தினேன். ரெண்டு குழந்தையும் எந்தப் பல்லுல இருந்து பிறக்கும்னு ஐயாதான் சொல்லணும்."

எங்கோ பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். வாய் கட்டியிருந்ததால் சிரிப்பு மூக்கு வழியாக, எருமை கனைப்பது போல வந்தது. அது முன்வரிசை வரை தொற்றிக்கொண்டு போயிற்று.

தாடையார் சுதாரித்துக்கொண்டார். "செஞ்சவங்க குணம் செஞ்ச பொருள்ல இறங்கும்! அதைத்தான் நான் படிச்சேன்!"

"செஞ்சது நான்தானே ஐயா? அப்போ சாந்தவாய் நான்தான். போன வாரம் கடுவாய்னு சொன்னது யாரை?"

ஊரார் வாயைப் படித்தவர், தன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை.

"உன் கன்னத்துல முடிச்சு இருந்துதே! இத்தனை பேர் பார்த்தாங்களே!"

"இருந்துச்சு. எல்லாரும் ஒரு நிமிஷம் கட்டை அவிழுங்க. கன்னத்துல ரெண்டு விரல் வச்சு, பல்லைக் கடிச்சுப் பாருங்க."

இருநூறு பேர் கடித்தார்கள். இருநூறு பேருக்கும் திரண்டது. கணவன் மனைவியின் கன்னத்தையும், மனைவி கணவனின் கன்னத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். தாடையாரைத் தொடத் தேவையே படவில்லை. ஆத்திரத்தில் அவர் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்ததால், அவருடைய முடிச்சு கடைசி வரிசை வரை தெரிந்தது.

"இது முடிச்சும் இல்ல, மூட்டையும் இல்ல," என்றாள் அவள். "மெல்லுற தசை. கடிக்கும்போது திரளும், விட்டா தளரும். அகல முகத்துக்காரங்களுக்குப் பெரும்பாலும் இது கொஞ்சம் தடிமனா இருக்கும், கடி பலமா இருக்கும். அவங்களுக்குச் செஞ்சு கொடுத்த பல்செட்டுதான் உடைஞ்சு என்கிட்ட அடிக்கடி திரும்பி வருது. நீள முகத்துக்குப் பெரும்பாலும் கடி கொஞ்சம் லேசு. அவ்வளவுதான் விஷயம். பலமா கடிக்கிறவங்க கடினமான பண்டத்தைக் கடிப்பாங்க, புருஷனைக் கடிக்க மாட்டாங்க. என்கிட்ட வர்றவங்கள்லயே ரொம்பச் சிடுசிடுன்னு பேசுறவருக்கு முகம் இவ்வளவு நீளம்!"

"அப்போ எனக்கு ரொட்டி மெல்லவே வலிக்குதே, அது?" என்று ஓர் அம்மாள் எழுந்தார்.

"வாயைக் கட்டிப் போட்டா தசை சோம்பிப்போகும்மா. உங்க விதி மாறல, தாடைதான் இறுகிப்போச்சு."

அப்புறம் கேட்க வேண்டுமா? அவிழ்ந்த கட்டுகள் மேடையை நோக்கிப் பறந்தன. முப்பது நாளாக அடைபட்டிருந்த வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன வரும் என்று நான் எழுத முடியாது, அச்சிடவும் மாட்டார்கள். தாடையார் பூதக்கண்ணாடியோடு பின்வாசல் வழியே ஓடினார். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பாதிக் கூட்டம் பின்னாலேயே ஓடியது.

மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதம்மா. அந்த ஆளு ஏமாத்திட்டான். நாளைக்கே தேதி வச்சிடலாம்."

"உங்க பையன் சொல்லட்டும் அத்தை."

அவன் அப்போதுதான் கட்டை அவிழ்த்தான். தாடை மரத்துப்போய் வார்த்தை குழறியது.

"போன வாரமே நான் சொல்லணும்னு நினைச்சேன். நீதான் வேணும்னு. கட்டு போட்டிருந்ததால முடியல."

"முடிச்சு யார் போட்டது?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"முதல் நாள் அம்மா. அப்புறம் தினமும் நான்தான்."

அவளுக்கு அவன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னானே என்று கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பல்செட்டை டப்பாவில் வைத்து மூடினாள்.

"யோசிச்சுச் சொல்றேன்."

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த மண்டபத்தில் அந்த வார்த்தையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஒரு சேதி. தாடைக்கு ஒரு சாண் மேலே உங்களிடம் இன்னொரு சரக்கு இருக்கிறது. அதை யாரும் வந்து கட்டவில்லை. நீங்களாகத்தான் மடித்து வைத்திருக்கிறீர்கள்.